தீவுக்கு ஒரு லீக் வேண்டும்

2025 அக்டோபர் 13 அன்று பிரையா நகரில் எஸ்வாட்டினியை 3-0 என வென்று, கேப் வெர்டே முதன்முறையாக உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றது. கேமரூன் அதே பிரிவில் பின்தங்கியது. மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் உள்ள அந்த நாட்டில் மக்கள் வாழும் தீவுகள் ஒன்பது, மக்கள்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். அந்தமான் நிக்கோபாரில் 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் பேர். லீக் நடத்த ஆள் குறைவு என்ற சமாதானத்தை கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே இளைஞர்களிடம் இனிச் சொல்ல முடியாது.

கேப் வெர்டே அணியில் பலர் ஐரோப்பாவில் வளர்ந்தவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான், தற்காப்பு வீரர் ரொபேர்ட்டோ லோப்பஸ் டப்ளினில் பிறந்தவர். ஆனால் பயிற்சியாளர் புபிஸ்தா போவா விஸ்தா தீவுக்காரர், கோல்கீப்பர் வோசின்யா அந்நாட்டின் மின்டெலோ நகரில் பிறந்தவர். அங்கே தீவுகளுக்குத் தனித்தனி லீக் உண்டு. அவற்றின் சாம்பியன்கள் மோதியே தேசியப் பட்டம் முடிவாகிறது. என் பார்வையில், வெளிநாட்டில் வளர்ந்த வீரர்களைவிட நாம் கவனிக்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.

தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் கேம்பல் பேக்கும் இடையே ஐநூறு கிலோமீட்டர் கடல் இருக்கிறது, கப்பல் செலவு கட்டுப்படியாகாது என்பது அடுத்த வாதம். அதனால்தான் லீக்கின் முதல் சுற்று இங்கே, கேம்பல் பேயிலேயே நடக்க வேண்டும். வென்ற அணி மட்டும் கப்பலேறினால் போதும். கிரேட் நிக்கோபாரில் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் பல்லாயிரம் கோடி ரூபாயில் திட்டம் போடும் அரசு, ஒரு நல்ல மைதானத்தையும் நிரந்தரப் பயிற்சியாளரையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கட்டும்.