தடை வயலுக்கு இருக்கட்டும்

வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு வட்டாரத்தில் டேங்க்கை முதுகில் மாட்டிப் பூச்சிமருந்தடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் மருந்து கரைக்கத் தண்ணீர் சுமப்பதும், அடித்த வயலில் மறுநாளே இறங்கிக் களை பறிப்பதும், மருந்து தோய்ந்த சட்டையைக் கையால் கசக்கித் துவைப்பதும் பெண்கள்தாம். ‘கர்ப்பிணிகள் மருந்தடிக்கப் போகாதீர்கள்’ என்ற அறிவுரை இவர்களுக்கு எந்த வகையில் உதவும்?

அது காலத்திலும் பிந்தித்தான் வருகிறது. சிசுவின் மூளையும் தண்டுவடமும் இதயமும் உருவாகத் தொடங்குவது முதல் சில வாரங்களில். நாள் தள்ளிப்போனதைப் பெண் கவனிக்கும்போதே அந்த வேலை ஆரம்பித்திருக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிந்தால் போதும் என்கிறது அரசு. பதிவு அட்டை கைக்கு வருவதற்குள் அவர் எத்தனை வயலில் இறங்கியிருப்பார்! ஆகவே தடையைப் பெண்ணுக்குப் போடாமல் வயலுக்குப் போட வேண்டும்: மருந்தடித்த வயலில், மீண்டும் இறங்கப் பாதுகாப்பான நாள் வரும்வரை ஆணோ பெண்ணோ யாரும் வேலைக்கு இறங்கக் கூடாது.

இது வீண் பயம் அல்ல. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களை பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லியின் எச்சம் மிக அதிகமாக இருந்த பிரிவின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த பிரிவினரைவிட ஏழு வயதில் நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்ததை 2011-ல் வெளியிட்டார்கள். ஒரு தனிக் குழந்தையின் குறைக்கு இதுவே காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எச்சரிக்கைக்கு அவ்வளவு உறுதி தேவையும் இல்லை. நம் கடைகளில் விற்கும் குளோர்பைரிபாஸ் இதே குடும்பம்தான். நிரூபணம் முழுமையாகட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு சாட்சியாக இருக்கிறது. முந்திரித் தோட்டங்கள் மீது எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியை வானிலிருந்து தெளிப்பது 2000-ல் நின்றது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2017-ல்.

1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் மருந்து தயாரிப்பவர், தெளிப்பவர் ஆகியோரின் பாதுகாப்பு உடை பற்றிப் பேசுகின்றன. களை பறிக்கும் கூலிப் பெண் அந்தக் கணக்கில் வரவில்லை.

‘ஒருநாள் வேலை தள்ளினால் கூலி யார் தருவது?’ என்ற கேள்வி நியாயமானது. நிலம் வைத்திருப்பவரும் கடனில்தான் இருக்கிறார். ஆனால் முதலில் களையெடுப்பு, பிறகு மருந்து என்று வரிசையை மாற்றுவதற்குப் பணம் வேண்டாம். அடித்த தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதி வரப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டவும் பெரிய செலவில்லை. சட்டையை, அடித்தவரே தனியாக அலசிக்கொள்ளட்டும். அதற்கு அரசாணைகூட வேண்டாம்.

வேளாண் துறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எத்தனை நாள் வயலில் இறங்கக் கூடாது என்பதை மருந்துக் கடைக்காரர் பில்லிலேயே தமிழில் பெரிதாக எழுதித் தர வேண்டும். எழுதாத கடையின் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.