மலையேறும் உடலுக்கு ஒரு பருவக் கணக்கு

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஜிம்கள் வந்துவிட்டன. சேருகிறவர் யாராக இருந்தாலும் கையில் கிடைப்பது ஒரே அட்டை: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் கால், முடிவில் 20 நிமிடம் ட்ரெட்மில். தையிலும் அதுதான், ஆனி மழையிலும் அதுதான். கடையில் உட்கார்ந்து பில் போடும் தம்பிக்கும் அதுதான். பகல் முழுக்க மலையில் நின்ற அக்கா வந்தால் அவருக்கும் அதுதான். இந்த அட்டையை நாங்கள் ஏற்கவில்லை. தோட்டத்து உடலுக்குத் தோட்டத்து வருடத்தைப் பார்த்தே பயிற்சி வகுக்க வேண்டும். அதற்காகவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

கொழுந்தெடுக்கும் ஒருவரை அருகில் நின்று பாருங்கள். கூடையின் கயிறு தலையில், பாரம் முதுகில், இடுப்பில் படங்கு. ஒரு கால் மேட்டில், மறு கால் பள்ளத்தில். கழுத்து முன்னுக்குத் தள்ளியிருக்க, கை இரண்டும் ஓயாமல் ஓடுகின்றன. நிறுவைக்கு நிறைகூடையோடு இறங்க வேண்டும், பிறகு மறுபடி ஏற வேண்டும். மூச்சுக்கும் தாங்குதிறனுக்கும் வேண்டிய பயிற்சியை வேலையே கொடுத்துவிடுகிறது. அது கொடுக்காதது வலு. தொடையிலும் இடுப்பிலும் நடுமுதுகிலும் அந்த வலு இல்லாததால், சுமை முழுவதும் முழங்காலிலும் கழுத்திலும் போய் நிற்கிறது. நாற்பது வயதிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும் அம்மாமாரை எங்கள் லயங்களில் தினமும் பார்க்கிறோம். அவர்களை இன்னும் ஓடச் சொல்வது அநியாயம்.

1980இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் மூன்று குழுக்களுக்குப் பத்து வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். ஒரு குழுவுக்கு வலுப் பயிற்சி மட்டும், இன்னொன்றுக்குத் தாங்குதிறன் பயிற்சி மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும் சேர்த்து. மூன்றாம் குழுவின் கால் வலு ஏழு வாரம் வரை ஏறி, பிறகு நின்று, கடைசி இரு வாரங்களில் இறங்கியது. மலையில் வேலை செய்துவிட்டுப் பயிற்சிக்கும் வரும் பெண் வருடம் முழுக்க அந்த மூன்றாம் குழுவில் இருக்கிறார். அதனால்தான் கட்டம் பிரிக்கச் சொல்கிறோம்.

மேற்குச் சரிவில் தை முதல் பங்குனி வரை வெயில், பனி, கொழுந்து குறைவு. அதுவே பெண்களுக்கு வலுக் கட்டம். வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம்: ஸ்குவாட், டெட்லிஃப்ட், பாரத்தை வயிற்றை நோக்கி இழுப்பது, ஒற்றைக் காலால் படியேறுவது. பழகியபின் ஐந்தைந்து தடவையாக நான்கு செட், இடையில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. மூன்று வாரம் பாரம் ஏறும், நான்காம் வாரம் இறங்கும். சித்திரை மழையோடு கொழுந்து குமியத் தொடங்கினால் வாரம் ஒரே நாள். செட்டைக் குறைப்போம், பாரத்தைக் குறைக்கமாட்டோம். சேர்த்த வலு நிலைக்க அது போதும். ஆடி, ஆவணியில் கொழுந்து தணியும்போது மறுபடி வலு.

விளையாடும் இளைஞருக்கு இந்தக் கணக்கு மாறும். மழைக்காலத்தில் மண்டபத்துக்குள் வலு, மார்கழியிலிருந்து தாங்குதிறன், அப்புறம் மேட்டு ஓட்டம், பங்குனியில் வேகம். சித்திரைப் புத்தாண்டுப் போட்டிக்குக் கால் தயாராக இருக்கும். நியூசிலாந்தில் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆர்தர் லிடியார்ட், தாங்குதிறன், மேடு, வேகம் என்ற இந்த ஒழுங்கில்தான் தன்னிடம் பயின்ற பிள்ளைகளைக் குன்றுப் பாதைகளில் ஓடவிட்டார். அவர்களில் பீட்டர் ஸ்னெல்லும் முர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். குன்றுக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

இனிச் சொல்வதைத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கவனமாகக் கேட்க வேண்டும். இந்த வலு, கிலோவைக் கூட்டுவதற்கான வலு ஆகாது. பல தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கேட்கிறார்கள். அது குறைந்தால் அரைப்பேர். பயிற்சி பெற்றவர் நிமிர்ந்து நடக்கிறார் என்பதைக் காட்டி அந்த அளவை ஒரு கிலோ ஏற்றினாலும் நாங்கள் எதிர்ப்போம். யார் எவ்வளவு தூக்கினார் என்ற எங்கள் ஏடு எந்த அலுவலகத்துக்கும் போகாது. இந்த உடல் கம்பெனியின் கணக்கில் 150 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டது. பெண் தன் பேரனைத் தூக்கவும், சிவனொளிபாதமலை ஏறவும், அறுபதில் வலியில்லாமல் உட்கார்ந்து எழவும் வேண்டிய வலு இது. அது அவருக்கே சொந்தம்.

டப்பாவில் அடைத்த புரத மாவை நாங்கள் விற்கமாட்டோம். பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி, கீரை போதும். இரத்தச்சோகை உள்ளவருக்கு முதலில் வைத்தியம், பிறகுதான் பாரம்.

முதற்கட்டம் வரும் தையில், ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கும். மூன்று வாரம் வெறும் தடியை வைத்துக் குனிந்து நிமிரும் முறையை மட்டும் பழகுவோம். மாசியில் பார்பெல் கைக்கு வரும். பெண்களின் பயிற்சி நேரத்தில் வீட்டு அடுப்பையும் பிள்ளைகளையும் ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திடும் ஆணின் பெயரே எங்கள் ஏட்டில் பதியப்படும்.