மூன்றிலும் சித்தியில்லை!



உயர்தரப் பெறுபேறு வெளியான அன்று, காத்தான்குடியில் எங்கள் அடுத்த வளவில் ஒரே அழுகை. “மூணுலயும் பாஸ் இல்லயாம்” என்று யாரோ சொன்னது அஸருக்குள் தெரு முழுக்கப் பரவி, “மூணுலயும் பெயிலாம்” என்று ஆகிவிட்டது. மஃரிபுக்குப் பிறகு நான் போய்ப் பார்த்தபோது, “இனிப் படிச்சது போதும், வந்திருக்கிற சம்பந்தத்தப் பேசி முடிப்பம்” என்ற அளவுக்குப் பிள்ளையின் உம்மா வந்திருந்தார். பெறுபேற்றை வாங்கிப் பார்த்தேன். இஸ்லாமிய நாகரிகம் பி, அளவையியல் சி, புவியியல் எஃப்.

முதலில் சொல்லப்பட்டது, மூன்றிலும் சித்தி என்பது இல்லை என்று. தெரு விளங்கிக்கொண்டது, மூன்றில் ஒன்றிலும் சித்தி இல்லை என்று. இரண்டும் ஒன்றா?

அந்தப் பிள்ளை சி எடுத்த பாடத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. நம் நாட்டு உயர்தரத்தில் அதன் முழுப்பெயர் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’. உண்மை என்றோ பொய் என்றோ சொல்லத்தக்க வாக்கியத்துக்கு அங்கே ‘எடுப்பு’ என்று பெயர். “கதவைச் சாத்து” எடுப்பு அல்ல. “கதவு சாத்தியிருக்கிறது” எடுப்பு. இப்படிப்பட்ட எடுப்புகளை ‘உம்’, ‘அல்லது’, ‘ஆல்’ போன்ற சிறு சொற்களால் கோர்த்தால் கூட்டு எடுப்பு கிடைக்கும். ‘அல்ல’ என்பது முழுவதையும் மறுக்கும்.

‘உம்’ கண்டிப்பானது. “சோறும் மீனாணமும் ஆக்கிவிட்டேன்” என்று சொல்லிவிட்டு ஆணம் இன்னும் அடுப்பில் ஏறாமல் இருந்தால், சோறு வெந்திருந்தாலும் சொன்னது பொய்தான். ‘ஆனால்’ என்பதும் அளவையியலில் ‘உம்’தான். “மருமகள் நல்ல பிள்ளை, ஆனால் சமையல் தெரியாது” என்றால் இரண்டையும் ஒப்புக்கொண்டாயிற்று. குத்தல் இருப்பது குரலில்; அதை எந்த அட்டவணையிலும் எழுத முடியாது.

‘அல்லது’ கொஞ்சம் வழுக்கும். விருந்தாளியிடம் “தேத்தண்ணியா, கோப்பியா?” என்றால் ஒன்றைத்தான் கேட்கலாம். “அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு கொண்டு வரவும்” என்றால் இரண்டையும் கொண்டுபோவதில் குற்றமில்லை. இந்த வேறுபாட்டை நம்மவர்கள் பழங்காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். மத்ரஸாக்களில் பல நூற்றாண்டுகளாக ஓதப்பட்டு வரும் ‘ஈஸாகோஜி’, 13ஆம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அல்அப்ஹரீ எழுதிய மன்திக் நூல். இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாத ‘அல்லது’, இரண்டும் சேர்ந்து இல்லாமல் போகக்கூடாத ‘அல்லது’, இந்த இரண்டு நிபந்தனையும் பொருந்திய ‘அல்லது’ என்று மன்திக் கலை மூன்றாகப் பிரிக்கிறது. ஓர் எண் ஒற்றை அல்லது இரட்டை என்பது மூன்றாவது வகை. ‘ஆல்’ என்று வரும் நிபந்தனை வாக்கியங்களை இப்னு ஸீனா (மறைவு 1037) மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அந்த ‘ஆல்’ தான் பலரை ஏமாற்றுவது. “பௌர்ணமி இரவானால் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும்” என்று நம் மட்டக்களப்பில் சொல்வார்கள். அமாவாசையன்று தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதில் காதை வைத்தவருக்குப் பாட்டுக் கேட்டால், அந்தப் பேச்சு பொய்யாகிவிடுமா? ஆகாது. மற்ற இரவுகளைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லையே! பௌர்ணமியும் வந்து, மீனும் பாடாமல் இருந்தால் மட்டுமே அது பொய்.

இனி நம் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். 1806இல் மதுரையில் ஓர் ஆங்கில இராணுவ அதிகாரிக்குப் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குப் போனவர் அகஸ்டஸ் டி மோர்கன். பிற்காலத்தில் லண்டனில் கணிதப் பேராசிரியரானார். அவர் பெயரால் இரண்டு விதிகள் வழங்குகின்றன. ‘உம்’மால் கோர்த்ததை மறுத்தால் உள்ளே ‘உம்’ நிற்காது, ‘அல்லது’ ஆகிவிடும். “இதுவும் அதுவும் உண்டு என்பது சரியல்ல” என்றால், இது இல்லை அல்லது அது இல்லை. ஒன்றாவது குறைகிறது, அவ்வளவுதான். ‘அல்லது’வை மறுத்தால்தான் எல்லாமே இல்லை என்று வரும்.

ஆகவே “மூன்றிலும் சித்தி என்பது சரியல்ல” என்றால், குறைந்தது ஒன்றில் சித்தி இல்லை. அந்தப் பிள்ளைக்கு அது புவியியல். நம் தமிழில் “மூன்றிலும் சித்தியில்லை” என்ற சொற்றொடர் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது. தெரு பெரிய பொருளை எடுத்துக்கொண்டது. தெருக்கள் எப்போதும் அப்படித்தான்!

இதைப் பிள்ளையின் உம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். பொய்யான ஆறுதல் சொல்லவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான நிபந்தனையும் ‘உம்’களால் கோர்த்ததுதான்: மூன்று பாடங்களிலும் சித்தி வேண்டும், அது ஒரே தடவையில் கிடைத்ததாகவும் இருக்க வேண்டும், பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் வேண்டும். ஒன்று விழுந்தால் முழுவதும் விழும். ஆனால் மூன்று தடவை வரை எழுதலாம். இது அவளுக்கு முதல் தடவை.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப புவியியல மட்டும் திருப்பி எழுதினாப் போதுமா?” என்று கேட்டார்.

மகள்தான் பதில் சொன்னாள். “இல்லம்மா, ஒரே தடவையில எண்டும் இருக்கே. மூணையும் எழுதணும்.”

“சரி புள்ள, மூணு புத்தகத்தையும் எடுத்து வை. சம்பந்தக்காரருக்கு நான் வாப்பாவக் கொண்டு சொல்லிவிடுறன்” என்றவாறு எழுந்து அடுப்படிக்குப் போனார்.