கெறக்கத்தைப் பிரித்துக் கேளுங்கள்

மதுரை மாவட்டத்தின் எழுமலை, உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து நோயாளிகளைப் பார்த்துப் பழகிய எவருக்கும் ‘கெறக்கம்’ என்ற சொல் புதிதல்ல. எழுத்தில் கிறக்கம், வாயில் கெறக்கம். எழுந்து நிற்கையில் தலை சுற்றினாலும் கெறக்கம்தான். பசியில் கண் இருட்டினாலும், நெஞ்சு படபடத்துக் கை நடுங்கினாலும், வயலில் பாதி வேலையில் கால் ஓய்ந்து உட்கார்ந்தாலும் கெறக்கம்தான். நோயாளி ஒரே சொல்லில் நான்கு நிலைகளைச் சொல்லிவிடுகிறார். நாமோ அதைத் ‘தலைசுற்றல்’ என்று சீட்டில் எழுதி, ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

அண்மை ஆண்டுகளில் இந்தச் சொல்லோடு இன்னொரு வாக்கியமும் சேர்ந்து வருகிறது: “டயட்ல இருக்கேன் டாக்டர். வாக்கிங்கும் போறேன். ஆனா முன்னைக்கு இப்பத்தான் முடியல.” நல்லது என்று சொல்லப்பட்ட இரண்டையும் செய்தவர், இரண்டும் சேர்ந்ததும் நோயாளியாகி வந்து நிற்கிறார். இந்த இதழின் ஆசிரியர் உரை அவரைப் பற்றியது. அதைவிட, அவருக்கு அந்த ஆலோசனையை அரை வாக்கியத்தில் சொல்லி அனுப்பிய நம்மைப் பற்றியது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். மாவுச்சத்தைக் குறைப்பது வீண் மோகம் இல்லை. லண்டனில் சவ அடக்க ஏற்பாட்டுத் தொழில் செய்த வில்லியம் பேன்டிங், தான் இளைத்த கதையை 1863-இல் சிறுநூலாக வெளியிட்ட நாளிலிருந்து இந்த யோசனை வெவ்வேறு பெயர்களில் வந்துகொண்டேயிருக்கிறது. 1921-இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்குக் கீட்டோ உணவை முன்வைத்தார். 1972-இல் அட்கின்ஸ் வந்தார். 2010-களின் நடுவில் தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவியபோது, நூறு பாதாம் என்பது ஒரு காலை உணவின் பெயராகவே ஆனது. சர்க்கரை நோயிலும் பலன் உண்டு. 2021-இல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வில், குறைமாவு உணவில் இருந்தவர்களில் 57 சதவீதம் பேரும் மற்ற உணவில் இருந்தவர்களில் 31 சதவீதம் பேரும் ஆறு மாதத்தில் நோய் தணிந்த நிலையை எட்டினார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியது. நம் மக்களின் உணவு ஆற்றலில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு சொல்லும்போது, குறையுங்கள் என்று சொல்வதில் தவறில்லை. சிக்கல் குறைக்கும் முறையில் இருக்கிறது. அதனால் வரும் கெறக்கத்தில் நான்கு இழைகள் பின்னிக் கிடக்கின்றன.

முதல் இழை உப்பு. நம் ஊரில் உப்பு தனியாக வயிற்றுக்குள் போவதில்லை, சோற்றின் மேல் ஏறித்தான் போகிறது. குழம்பு, ரசம், ஊறுகாய், துவையல், கஞ்சி, நீராகாரம் எல்லாமே சோற்றை முன்னிட்டு உப்பிடப்பட்டவை. சோற்றை நிறுத்தியவரின் தட்டில் வேகவைத்த முட்டையும் வெள்ளரிக்காயும் வந்தால், சோற்றோடு உப்பும் சொல்லாமல் இறங்கிவிடுகிறது. அதே வாரத்தில் உடம்பும் உப்பைக் கைவிடுகிறது. இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்காமல் வெளியேற்றுகிறது. தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைகோஜன் ஏறத்தாழ 500 கிராம். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. கிளைகோஜன் கரையும்போது அந்தத் தண்ணீரும் போகிறது. முதல் வாரத்தில் இறங்கி அவரை மகிழவைக்கும் இரண்டு கிலோவில் பெரும்பங்கு இதுதான். இதன் மேல் சித்திரை வெயிலில் ஒரு மணி நேர நடை. வியர்வை ஒரு லிட்டர் போனால் ஒரு கிராம் அளவுக்குச் சோடியமும் போகலாம். தலைவலி, எழுந்தால் கண் இருட்டுதல், இரவில் கெண்டைக்காலில் குரக்கு: ‘கீட்டோ காய்ச்சல்’ என்ற செல்லப்பெயரில் உலவும் தொல்லையில் பெரும்பகுதி உப்பும் நீரும் இழந்த உடம்பின் முறையீடு.

இதற்கு டயட்டில் இருப்பவர்கள் நாடும் மருந்து இளநீர். நல்ல பானம்தான், ஆனால் அதில் நிறைந்திருப்பது பொட்டாசியம். சோடியம் குறைவு. இழந்ததை அது ஈடுகட்டாது. டெல்மிசார்டான் எடுப்பவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அந்தப் பொட்டாசியமே சுமையாகலாம். இரத்த அழுத்தமோ சிறுநீரக, இதயக் கோளாறோ இல்லாதவருக்கு, முதல் இரண்டு வாரம் நடைக்கு முன் உப்புப் போட்ட ஒரு செம்பு மோர் இளநீரைவிட நல்ல மருந்து. அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்கு உப்பைக் கூட்டச் சொல்லக்கூடாது, மருந்தைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுமுறை அளந்து பாருங்கள். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால், தயாசைடு சேர்ந்த மாத்திரை அவருக்கு இனியும் அதே அளவில் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது இழை, பழைய மாத்திரை. சோறு பாதியானது, நடை கூடியது, கிளிமிபிரைடு மட்டும் அப்படியே இருக்கிறது. விடிகாலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறவர், ‘டயட்’ என்பதால் திரும்பி வந்தும் இட்லியைத் தொடுவதில்லை. அவருடைய கெறக்கம் கைநடுக்கத்தோடும் வியர்வையோடும் வரும். அந்த நேரத்தில் சர்க்கரையை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். குறைவாக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். டயட் கெட்டுவிடும் என்று அந்தச் சர்க்கரையை மறுப்பவர்களும் உண்டு. அது அந்த நிமிடத்தில் உணவு இல்லை, மருந்து என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும். இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு, உணவைக் குறைக்கும் நாளிலேயே மருந்தின் அளவையும் குறைத்து எழுதிக் கொடுப்பது நம் கடமை.

இதைவிட அஞ்சத்தக்கது ‘ஃப்ளோசின்’ வகை மாத்திரைகள். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-லும் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்தபின் விலை இறங்கி, இவை சிற்றூர் மருந்துக்கடைக்கும் வந்துவிட்டன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இவற்றால் விளையும் நன்மையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் கடுமையான குறைமாவு உணவோடு சேர்ந்தால், இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோ அமிலத்தேக்கம் வரக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மே மாதத்திலேயே இந்த வகை மாத்திரைகளைப் பற்றி எச்சரித்தது. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு ஆகியவற்றோடு வருபவருக்குச் சர்க்கரை 180 என்று காட்டினாலும் நிம்மதி அடையாதீர்கள். இரத்தக் கீட்டோன் 3 மில்லிமோலைத் தாண்டியிருந்தால் அவர் இருக்க வேண்டிய இடம் பெரிய மருத்துவமனை. கீட்டோ உணவைத் தொடங்கப் போகிறவருக்கு இந்த மாத்திரையை முதலிலேயே நிறுத்திவிடுவது நல்லது. சிறுநீர்ப் பட்டையை நம்பியும் இருக்க வேண்டாம். அது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டைக் காட்டாது.

மூன்றாவது இழை பசி. மதுரை நகரத்தில் பேலியோ என்றால் சோறு இருந்த இடத்தில் பாதாமும் பனீரும் கறியும் வந்து உட்காரும். எழுமலையில் சோறு போகும், அந்த இடத்துக்கு ஒன்றும் வராது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஓர் ஏழை வீட்டில் செலவில்லாத ஒரே உணவு அதுதான். நூறு கிராம் அரிசி ஏறக்குறைய 350 கலோரி. நாளுக்கு 300 கிராம் அரிசியை நிறுத்தியவர் ஆயிரம் கலோரிக்கு மேல் இழக்கிறார். அதை முட்டையால் ஈடுகட்ட 13, 14 முட்டை வேண்டும். அவர் சாப்பிடுவது இரண்டு. களையெடுத்தும் பருத்தி எடுத்தும் நூறு நாள் வேலைக்குப் போயும் ஏற்கெனவே நாள் முழுக்க உடம்பை வருத்துபவரிடம், அதற்கு மேல் தினமும் நடக்கவும் சொல்கிறோம். அவருடைய கெறக்கத்துக்குப் பெயர் அரைப்பட்டினி. விளையாட்டு மருத்துவத்தில் ‘ஆற்றல் பற்றாக்குறை’ என்று ஒலிம்பிக் குழு 2014 முதல் வரையறுத்துப் பேசிவரும் நிலையின் கிராமத்து வடிவம் இது. பெண்களிடம் மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

சோற்றைக் குறைக்கச் சொன்னால் ஈட்டையும் பெயர் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். வறுத்த நிலக்கடலை நூறு கிராமில் 25 கிராம் புரதமும் 560 கலோரியும் இருக்கின்றன. கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டப்பயறு, முட்டை, மோர் எல்லாம் உள்ளூர்ச் சந்தையிலேயே கிடைப்பவை. இன்னொரு தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. பேரையூர் வட்டாரத்தின் மானாவாரி நிலம் குதிரைவாலிக்குப் பேர்போனது. ‘அரிசியை விட்டுட்டேன், குதிரைவாலிதான்’ என்பார்கள். நார்ச்சத்து கூடிய நல்ல மாற்றம். ஆனால் குதிரைவாலியும் பெரும்பாலும் மாவுச்சத்துதான். அளவு குறையாமல் தானியம் மட்டும் மாறினால் அதைக் குறைமாவு உணவு என்று நாம் கணக்கிடக் கூடாது.

நான்காவது இழை வேகம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடப் பழகும் இளைஞர்களும், எடைப்பிரிவுக் கபடிக்கு உடம்பை இறக்கும் ஆட்டக்காரர்களும் இந்தப் பக்கத்தில் நிறைய. கபடியில் ஒரு ரெய்டு 30 நொடி. அந்த வேகத்துக்குத் தேவையான ஆற்றலைக் கொழுப்பு அவ்வளவு விரைவாகத் தராது, கிளைகோஜன்தான் தரும். ஸ்டீபன் ஃபின்னி 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் கீட்டோ உணவில் இருந்த ஐந்து சைக்கிள் வீரர்களின் சராசரித் தாக்குப்பிடிப்பு குறையவில்லை. ஆனால் அவர்களுக்குக் கூடுதலாக உப்புகள் கொடுக்கப்பட்டன, சோதனையும் மிதமான வேகத்தில்தான் நடந்தது. லூயிஸ் பர்க் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உலகத்தரப் பந்தய நடை வீரர்கள் மூன்று வாரம் இந்த உணவில் இருந்தபின், அதே வேகத்தில் நடக்க அவர்களுக்கு முன்பைவிட அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. பயிற்சியால் கிடைத்திருக்க வேண்டிய முன்னேற்றம் பந்தயத்தில் காணாமல் போனது. மெதுவாக நடப்பவர் சில வாரத்தில் பழகிக்கொள்வார். வேகமாக ஓட வேண்டியவரிடம் தேர்வுக்கு முந்தைய மாதம் சோற்றை விடாதே என்று சொல்லுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோறோ வாழைப்பழமோ சாப்பிடுவதே அவருக்கு நல்லது.

இந்த நான்கு இழைகளையும் பிரிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, இடது கை இழுத்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ டயட்டின் மேல் பழி போட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இசிஜி எடுத்த பிறகுதான் மற்ற பேச்சு. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பது இந்த நேரத்துக்காகத்தான்.

அரசின் திட்டங்களிலும் இப்படிப் பிரித்துக் கேட்பதற்கு இடமுண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை மாவட்டந்தோறும் காட்டுகிறது. மாத்திரை ஒரு வழியிலும் நடை இன்னொரு வழியிலும் வருகின்றன. உணவு ஆலோசனை யூடியூபில் வருகிறது. மூன்றும் சந்திக்கும் இடம் நோயாளியின் உடம்பு மட்டுமே. மாத்திரை கொண்டுபோகும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கச் சொன்னால் போதும்: “சோத்தக் குறைச்சிருக்கீங்களாம்மா?” ஆம் என்றால் அடுத்த வாரமே அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் கீட்டோ தேவையில்லை என்பதையும் நாம் சொல்லத் தவறுகிறோம். நம் மக்களிடையே 18,090 பேரை வைத்து 2022-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, புதிதாகக் கண்டறியப்பட்ட சர்க்கரை நோய் தணிய மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம் இருந்தால் போதும் என்றது. இரண்டாயிரம் கலோரி சாப்பிடுபவருக்கு அது ஏறக்குறைய 250 கிராம். கீட்டோவின் 50 கிராம் வரம்பு நான்கு இட்லியோடு முடிந்துவிடும். மூன்று கரண்டிச் சோற்றை இரண்டாக்கி, குறைந்த ஒரு கரண்டிக்குப் பயறும் முட்டையும் வைப்பவருக்குக் கெறக்கம் வர வாய்ப்புக் குறைவு. உணவை முதலில் மாற்றி, இரண்டு வாரம் கழித்து நடையைக் கூட்டினால் இன்னும் குறைவு.

ஆகவே வாசகர்களான மருத்துவர்களிடமும் உணவியலாளர்களிடமும் இயன்முறை மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். “சோத்தக் குறைங்க, நடங்க” என்பதையும் மருந்துச் சீட்டாகவே கருதுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும், அதற்கு ஈடு என்ன, எந்த மாத்திரை பாதியாகிறது, எது நிற்கிறது, உப்பு எவ்வளவு, நடை எந்த வாரத்தில் தொடங்குகிறது, மறுபடி எப்போது வர வேண்டும் என்ற ஏழு விவரங்களையும் நோயாளியின் கையில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை ஒருவர் வந்து கெறக்கமாக இருக்கிறது என்று சொன்னால், பேனாவை எடுக்குமுன் அவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தத்தை அளந்து, நேற்று மூன்று வேளையும் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள்.