ஹார்பர் கிளார்க்கை நாங்கள் மறந்துவிட்டோம்

கணித மேதை ராமானுஜன் எங்கள் பக்கத்து ஆள். மீஞ்சூரிலோ எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ இருந்துகொண்டு இதை நாங்கள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஈரோட்டுக்காரர்கள் பிறந்த ஊர் என்கிறார்கள். கும்பகோணத்துக்காரர்கள் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டைக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பையன் ஒரு வேலையில் காலூன்றி நின்றது சென்னைத் துறைமுகத்தில்தான். 1912 மார்ச் 1-ஆம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை, மாதம் 30 ரூபாய். வயது 24. கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு 1913 ஜனவரி 16 தேதியிட்டு அவர் எழுதிய அந்தப் புகழ்பெற்ற முதல் கடிதம், போர்ட் டிரஸ்ட் ஆபீஸ் விலாசத்திலிருந்துதான் போனது. 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ கப்பலில் ஏறியதும் இதே ஹார்பரில்தான்.

இவ்வளவும் எங்கள் ரயில் பாதையில் நடந்த விஷயம். மீஞ்சூரில் ஏறினால் அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, ராயபுரம் என்று பீச் ஸ்டேஷன் வரை போகிறோம். போர்ட்டுக்கும் பாரிமுனைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! அந்தப் பெட்டியில் ராமானுஜன் பேச்சு வந்ததே இல்லை.

அவரைத் தெரியாதவர்கள் இல்லை. அரசுப் பள்ளிச் சுவரில் படம் இருக்கிறது. 2012 முதல் டிசம்பர் 22 கணித தினம் என்று மாலை போடுகிறோம். ‘1729’ என்று டாக்ஸி நம்பர் கதையை ஒரு மாணவன் மேடையில் ஒப்பிக்கிறான். ‘குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள்’ என்கிறோம். அத்தோடு சரி. மேதை என்று சொல்லிவிட்டால், அவர் பசித்தாரா, குளிரில் நடுங்கினாரா, கூட யாராவது இருந்தார்களா என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் ‘சாப்டியா?’ என்று கேட்கிறவர்கள் நாங்கள். ராமானுஜனிடம் மட்டும் அதைக் கேட்காமல் விட்டோம்.

அவர் சமைப்பார். ஊரில் இருந்தவரை அம்மா கோமளத்தம்மாளும் மனைவி ஜானகியும், கணக்குப் போடுகிற கை நிற்கக் கூடாது என்று சாதத்தை உருட்டிக் கையில் வைப்பார்களாம். அப்படி வளர்ந்த பையன், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி அறையில் தானே அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்களோடு உட்கார அவர் மனம் ஒப்பவில்லை. முதல் உலகப் போர் தொடங்கியபின் காய்கறியும் சுலபமாகக் கிடைக்கவில்லை.

அந்த அடுப்பின் முன் நடந்த ஒரு சம்பவத்தை, பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் சொல்லியிருக்கிறார். 1914 டிசம்பர். இருவரும் கேம்பிரிட்ஜ் மாணவர்கள். ராமானுஜன் வாணலியில் எதையோ கிளறிக்கொண்டிருக்கிறார். மகலனோபிஸ் ஒரு பத்திரிகையிலிருந்து புதிர் படிக்கிறார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். அந்த வீடு எது?

நம் தெருவிலேயே போட்டுப் பார்க்கலாம். எட்டு வீடு இருந்தால் ஆறாவது வீடு. இந்தப் பக்கம் 1, 2, 3, 4, 5 கூட்டினால் 15. அந்தப் பக்கம் 7-உம் 8-உம் கூட்டினால் 15. நாற்பத்தொன்பது வீடு இருந்தால் முப்பத்தைந்தாவது. புதிருக்கு விடை, 288 வீடுள்ள தெருவில் 204. மகலனோபிஸ் சில நிமிடம் தட்டித் தடவி இந்த ஒரு விடையைக் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜன் வாணலியைக் கிளறியபடியே ‘எழுதிக்கொள்’ என்று, பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதற்குள் எட்டும் இருந்தது, நாற்பத்தொன்பதும் இருந்தது, இருநூற்று எண்பத்தெட்டும் இருந்தது, அதற்கு மேல் முடிவில்லாமல் எத்தனை தெரு உண்டோ அத்தனையும் இருந்தன. கேள்வி காதில் விழுந்ததுமே விடை தொடர் பின்னம் என்று தெரிந்துவிட்டது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், வந்துவிட்டது என்றாராம். என்னைக் கேட்டால், டாக்ஸி கதையைவிட இந்த வாணலிக் கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு நாள் நண்பர்களை விருந்துக்குக் கூப்பிட்டார். ரசம் வைத்திருந்தார். இரண்டு முறை வாங்கிக் குடித்த பெண்கள் மூன்றாம் முறை வேண்டாம் என்றார்கள். சட்டென்று வெளியே போனவர் திரும்பவே இல்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. தான் பரிமாறியதை வேண்டாம் என்றது அவமானமாகப் பட்டதாம். இதைக் கோமாளித்தனமாகச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. யாருமில்லாத ஊரில், புளியும் மிளகும் சேர்த்துத் தன் கையால் வைத்த ரசம் அது. அவர் வீட்டைவிட்டு வந்து எவ்வளவு தனித்துப் போயிருந்தார் என்பது அதில் இருக்கிறது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். எஃப்.ஏ. தேர்வில் ராமானுஜன் தேறவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போனது, அப்புறம் பச்சையப்பன் கல்லூரியிலும் தோல்வி. இன்றைய பேச்சில் சொன்னால் அரியர் வைத்த பையன். அரியர் வைத்த பையனைத் துறைமுகம் எப்படி நடத்தியது என்பதைத்தான் நாங்கள் கற்றிருக்க வேண்டும்.

போர்ட் டிரஸ்டில் அவருக்கு மேலிருந்தவர் எஸ். நாராயண ஐயர். திருச்சியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். ஆபீஸ் முடிந்தபின் தன் வீட்டில் ராமானுஜனை உட்காரவைத்து, ஆளுக்கொரு சிலேட்டில் இரவு வெகுநேரம் கணக்குப் போடுவார். பையன் இரண்டு வரியில் தாண்டிப் போனால், ‘என் மட்டத்துக்கு இறங்கி வா, பத்து வரியில் எழுது, இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது’ என்பாராம். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு உயர் கணிதம் புரியாது. ஆனால் வேலை நேரத்தில் பையன் தாளில் கிறுக்கினால் விரட்டவில்லை. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் ஹார்பருக்கு வந்தபோது ராமானுஜனின் நோட்டுகளை ஸ்பிரிங் காட்டினார். வாக்கர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. பட்டமில்லாத ஒருவனுக்கு! தாள் வாங்கக் காசில்லாமல் ஹார்பரில் பார்சல் சுற்றிய காகிதம் பொறுக்கினார் என்கிற பையனுக்கு.

இப்போது எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் இருக்கிறது. மீஞ்சூரைச் சுற்றிக் கன்டெய்னர் யார்டுகள். எங்கள் பையன்கள் கான்ட்ராக்டில் போகிறார்கள், மூன்று ஷிஃப்ட். ஒவ்வொரு கன்டெய்னர் கதவிலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் போட்டு ஒரே ஒரு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் சும்மா எழுதியதல்ல. எழுத்துகளுக்கும் ஒரு மதிப்பு கொடுத்து, முதலாவதை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், அப்புறம் 4, 8, 16 என்று பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் மீதி வருவதுதான் அது (மீதி 10 வந்தால் பூஜ்யம்). நம்பரைத் தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது இதனால்தான். இந்தக் கணக்கை யார்டில் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? பள்ளிக்கூடம் சொல்லவில்லை. சூப்பர்வைசர் சொல்லவில்லை. பத்தாவதில் கணக்கில் போன பையனை ‘உனக்கு இது வராது’ என்று சொல்லி, அந்த எண்களுக்கு நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்தினோம். டீக்கடையில் அவன் பேப்பரின் ஓரத்தில் என்ன கிறுக்குகிறான் என்று எட்டிப் பார்க்க எங்களில் ஒரு நாராயண ஐயர் இல்லை.

இருந்த ஒருவரையும் நாங்கள் கவனிக்கவில்லை. பி.கே. ஸ்ரீனிவாசன், முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். ராமானுஜனை நேரில் பார்த்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தேடிப் பிடித்து, கடிதங்களையும் நினைவுகளையும் சேகரித்தார். 1960-களின் கடைசியில் அவை இரண்டு தொகுதிகளாக அந்தப் பள்ளி வழியாகவே வெளிவந்தன. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செய்த வேலையை வைத்துத்தான் உலகம் பிறகு ராமானுஜன் வரலாற்றை எழுதியது. 1993-இல் அதே மனிதர் ராமானுஜனுக்கென்று ஒரு அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தொடங்கினார். எங்கே? ராயபுரத்தில். பெரிய கட்டடமில்லை. சந்துக்குள் இருக்கும் சின்ன இடம். வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் விசாரித்துக்கொண்டு அங்கே வந்தார்கள். ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற எங்கள் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வண்டலூருக்கும் மாமல்லபுரத்துக்கும் போயின. ஸ்ரீனிவாசன் 2005-இல் காலமானார். எங்கள் ஊர்களில் ஒரு இரங்கல் தட்டி இல்லை.

இந்த மறதி எங்களுடையது மட்டுமல்ல, தமிழ்நாட்டுக்கே பொதுவானது. உடம்பு கெட்டு, 1919-இல் திரும்பி வந்த ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. கடல் தாண்டியவன் என்று உறவினர் பலர் சாவுக்கு வரவில்லை. கடைசி வருஷம் முழுக்க வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தாள் கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தவர் ஜானகி. அவருக்கு அப்போது இருபது வயதுதான். கணவர் எழுதிய தாள்களில் சில சாவு வீட்டு அமளியிலேயே எடுத்துப் போகப்பட்டதாக அவர் பின்னால் சொன்னார். இங்கிலாந்து போய்ச் சேர்ந்த தாள்களில் ஒரு கட்டு, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் கண்ணில் படும்வரை டிரினிட்டி நூலகத்தில் கிடந்தது.

ஜானகி தையல் கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்து வாழ்ந்தார். பல்கலைக்கழக ஓய்வூதியம் பல காலம் மாதம் 20 ரூபாய். சிலை வைப்போம் என்றார்களே, எங்கே அது என்று வயதான காலத்தில் பத்திரிகைக்காரர்களிடம் கேட்டார். அதைக் கேள்விப்பட்டு ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் பல நாட்டுக் கணிதர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் மார்பளவு வெண்கலச் சிலை செய்து ஜானகிக்கு அனுப்பினார். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுத் தமிழில் கேட்கப்பட்டது. பதில் கடல் தாண்டி வந்தது. ஜானகி 1994-இல் மறைந்தார்.

ஒரு கடிதத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1919 ஜனவரி 11 அன்று, இங்கிலாந்தில் நோயாளியாகப் படுத்திருந்த ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். எனக்கு வருஷம் 250 பவுண்டு ஒதுக்கியிருக்கிறீர்கள், அது என் தேவைக்கு மிக அதிகம், பெற்றோருக்கு 50 பவுண்டும் என் அவசியச் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகளின், அனாதைப் பிள்ளைகளின் படிப்புக்கும் பள்ளிப் புத்தகங்களுக்கும் செலவழியுங்கள் என்று. கணக்கில் தோற்ற காரணத்தால் அல்ல, மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகை இழந்தவன் எழுதிய கடிதம் அது. எந்தப் பையனுக்கு அந்த மீதி போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மீஞ்சூர்க்காரர்களுக்கும் இந்த வழியில் உள்ள எல்லா ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற டிசம்பர் 22-க்கு மாலைக்கும் மைக்செட்டுக்கும் ஒதுக்கும் காசை வேறு விதமாகச் செலவழிப்போம். ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ வாரம் ஒரு மாலை, ஷிஃப்ட் முடிந்து வருகிற பையன்களும் பெண்களும் உட்கார ஒரு பெஞ்சு, கட்டுக்கட்டாக வெள்ளைத் தாள், கணக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், சாப்பிட ஏதாவது. கன்டெய்னர் நம்பரிலிருந்தே ஆரம்பிக்கலாம். அரியர் எத்தனை என்று யாரையும் கேட்க வேண்டாம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.