தர்மம் செய்தால் வரி குறையுமா?

தர்மம் செய்தால் வருமான வரி குறையும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால், எல்லோருக்கும் குறையாது!

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80-ஜி பிரிவு இந்தச் சலுகையைக் கொடுத்தது. 2025-ல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் அதைக் கைவிடவில்லை.

எவ்வளவு மிச்சம்?

கொடுத்த பணம் முழுவதும் திரும்பி வராது. பாதிச் சலுகை பெற்ற ஓர் அநாதை இல்லத்துக்கு 10 ஆயிரம் ரூபாய் கொடுக்கிறீர்கள். வரி போடும்போது உங்கள் வருமானத்தில் 5 ஆயிரம் ரூபாயைக் கழித்து விடுவார்கள். நூற்றுக்கு 20 வீதம் வரி கட்டுகிறவருக்கு, சுமார் ஆயிரம் ரூபாய் மிச்சம்.

என்ன நிபந்தனை?

அரிசி, துணி கொடுத்தால் சலுகை கிடையாது. 2017 ஏப்ரல் முதல், 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. பாங்கி மூலம் கொடுக்க வேண்டும். வெறும் ரசீது போதாது. அந்த இல்லம் உங்கள் பெயரை வரி இலாகாவுக்குத் தெரிவித்து, சான்றிதழ் தர வேண்டும்.

பெரிய மாற்றம்

2023-ல் பெரிய மாற்றம் வந்தது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், புதிய முறையில்தான் வரி போடுவார்கள். அதில் வரி வீதம் குறைவு. ஆனால் தர்மத்துக்குச் சலுகை இல்லை. பழைய முறை வேண்டும் என்று கேட்டவருக்கே சலுகை.

ஆகவே, இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எது லாபமோ அதைக் கேளுங்கள்.

வரிச் சலுகையைச் சொல்லி நன்கொடை கேட்ட இல்லங்கள், புதிய முறைக்குப் போனவர்களிடம் இனி இரக்கத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்!