எதிர்க்கோரிக்கையை மேல்முறையீடு வரை தள்ளிப்போடக் கூடாது: கலிபோர்னியா வாடகைதாரர்களுக்கான நிலைப்பாட்டு அறிக்கை

கலிபோர்னியாவின் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வக்கீல்களுக்கு இடமில்லை. ரசீதும் புகைப்படமுமாக வாதியும் பிரதிவாதியும் தாமே நின்று பேச வேண்டும். தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். விசாரணைக்கு வந்து தோற்ற பிரதிவாதி, தீர்ப்பு அறிவிப்பு அனுப்பப்பட்ட 30 நாளுக்குள் 75 டாலர் கட்டி மேல்முறையீடு செய்யலாம். அங்கே வேறொரு நீதிபதி வழக்கை முதலிலிருந்து கேட்பார்; வக்கீலும் வைத்துக்கொள்ளலாம்.

குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது என்றால், அன்று கேட்காமல் விட்டதை இன்று கேட்கலாமே என்று தோற்றவர் எண்ணுகிறார். முடியாது. கீழே முறைப்படி தாக்கலான கோரிக்கைகளே மேலே மறுவிசாரணைக்கு வரும்.

பாக்கி வாடகைக்காக வீட்டுக்காரர் 2,000 டாலர் கேட்டு வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகைதாரர் கொடுத்த 3,000 டாலர் டெபாசிட், வீட்டைக் காலி செய்து 21 நாள் கடந்தும் கணக்கோடு திரும்பவில்லை. பாக்கி இல்லை என்று நிரூபிக்க மேல்முறையீட்டில் புதுச் சாட்சியம் காட்டலாம், அது எதிர்வாதம். டெபாசிட்டையும், வீட்டுக்காரரின் தீய நோக்கம் நிரூபணமானால் அதன்மேல் இரு மடங்கு வரையிலான கூடுதல் தொகையையும் தமக்குத் தரச் சொல்வது எதிர்க்கோரிக்கை. அதற்கு முதல் விசாரணைக்கு முன்பே எஸ்சி-120 படிவத்தைத் தாக்கல் செய்து, பொதுவாக 5 நாள் முன்னதாக வாதிக்குச் சார்பு செய்திருக்க வேண்டும்.

இந்த விதி நீடிக்க வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நிலைப்பாடு. தான் தொடுத்த கோரிக்கையில் தோற்ற வாதிக்கு மேல்முறையீட்டு உரிமையே கிடையாது. அந்த ஒரே வாய்ப்போடு அவருக்கு முடிந்தது. அப்படிப்பட்டவர் மீது, கீழே பேசப்படாத கோரிக்கை ஒன்றை மேல்முறையீட்டில் முதன்முறையாக ஏவினால், அவர் ஒரே விசாரணையில் சிக்கி, இறுதித் தீர்ப்பையும் ஏற்க நேரும். வாடகைதாரர் பக்கம் நிற்கும் அமைப்பு என்பதற்காக இந்த அநியாயத்தை ஆதரிக்க முடியாது.

ஆனால் விதி மட்டும் நியாயமாக இருந்தால் போதாது, அவகாசமும் நியாயமாக இருக்க வேண்டும். அதே மாவட்டத்தில் வசிப்பவருக்கு வழக்கு நகல் விசாரணைக்கு 15 நாள் முன்பு கிடைத்தாலே போதும் என்கிறது சட்டம். ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் அதைப் படித்து, புரிந்து, தம் கோரிக்கையை எழுதிச் சார்பு செய்ய மிஞ்சுவது சில நாட்களே. அதனால் விசாரணை தொடங்கும்போதே, "உங்களுக்கும் இவர் தர வேண்டியது ஏதாவது உண்டா?" என்று நீதிபதி பிரதிவாதியைக் கேட்க வேண்டும், உண்டு என்றால் ஒத்திவைப்புத் தர வேண்டும். இது விருப்பத்துக்கு விடப்படாமல் விதியாகவே எழுதப்பட வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது.

தவறவிட்டவருக்கும் கதவு முழுதாக அடைபடவில்லை. சிறு கோரிக்கை வழக்கில் எதிர்க்கோரிக்கை கட்டாயமல்ல என்பதால், காலவரம்புக்குள் தனி வழக்காகத் தொடுக்க வழி உண்டு. எழுத்து ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 4 ஆண்டு. வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 2 ஆண்டு.

வழக்கு நகல் கைக்கு வந்தால், விசாரணை நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே உங்கள் மாவட்டத்தின் இலவச சிறு கோரிக்கை ஆலோசகரை அணுகி, உங்களுக்கு வர வேண்டியதையும் சொல்லுங்கள்.